வாசலில் நின்றவன்

பிப்ரவரி 6

அன்பானவளுக்கு,

நான் கடிதம் எழுதுகிறேன் என்றால் சிரிப்பாய். நம் கல்யாணத்துக்கு முன்பு கூட ஒரு வரி எழுதியதில்லை. என்ன செய்வது, உள்ளே நுழைந்ததும் எல்லாருடைய போனையும் வாங்கிப் பையில் போட்டுக் கட்டிவிட்டார்கள். "இனிமே நீங்க நடிகருங்க இல்ல. பட்டாளத்துல புதுசா சேர்ந்த பசங்க. கதை நடக்குற காலத்துல ஏது போன்?" என்கிறார் டைரக்டர். படப்பிடிப்பு தொடங்கும்வரை பயிற்சி. வீட்டுக்குக் கடிதம் எழுதலாம், அவ்வளவுதான்.

மூடிப்போன ஏதோ ஆலையின் கிடங்கு இது. தகரக் கூரை, இரும்புக் கட்டில்கள், வெளியே சரளைக்கல் மைதானம், ஓரத்தில் குளிப்பதற்கு ஒரு கொட்டகை. பயிற்சி கொடுப்பவர் நிஜமாகவே பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். வாத்தியார் என்று கூப்பிடுகிறோம். அவர் கத்தினால் கட்டில் அதிர்கிறது. எல்லாருக்கும் தலையை மழித்தாயிற்று. என் மண்டை இவ்வளவு கோணல் என்று இத்தனை வருஷம் நீ சொல்லவே இல்லையே!

முக்கியமான சேதி: குழுவுக்கு என்னைத் தலைவனாகப் போட்டிருக்கிறார்கள். படத்திலும் அதுதான் வேஷம். பதினைந்து வருஷமாகக் கூட்டத்தில் நின்றவனுக்கு முதன்முறையாக வசனம்.

உன் தம்பி பரவாயில்லை. 'இடது' என்றால் வலது காலைத் தூக்குகிறான். எங்களைப் போல நடிக்க வந்திருக்கும் பக்கத்துக் கட்டில் ரொட்டிக் கடைக்காரன் அவனுக்குச் 'சோத்துக்கால்' என்று பெயர் வைத்துவிட்டான். அவனும் சேர்ந்து சிரிக்கிறான். ஒன்று மட்டும் சொல்லி வைத்தேன்: "எல்லார் முன்னாடியும் மாமான்னு கூப்பிடாதே, தலைவரேன்னு கூப்பிடு. இல்லேன்னா உனக்குச் சலுகை காட்டுறேன்னு பேசுவாங்க." தலையாட்டினான்.

கவலைப்படாதே. அவனை நான் பார்த்துக்கொள்கிறேன்.

உன்,
கோணல் மண்டை


பிப்ரவரி 11

உங்களுக்கு,

கடிதம் வந்தது. கடைக்கு வந்த தபால்காரர் இஸ்திரி மேஜை மேலேயே வைத்துவிட்டுப் போக, ஒரு வாடிக்கையாளரின் சட்டையோடு சேர்த்து அதையும் தேய்க்கப் பார்த்தேன். இரண்டு தடவை படித்தேன். கோணல் மண்டையை நான் முதலிரவிலேயே கவனித்தேன். சொன்னால் பாவம் என்று விட்டுவிட்டேன்.

வசனம் கிடைத்ததில் எனக்கும் சந்தோஷம்தான். முதலாளியம்மாவிடம் சொன்னேன். "அப்ப இனிமே அவரு சட்டையையும் நம்ம கடையிலதான் போடணும்" என்றார்.

தம்பியும் எழுதியிருக்கிறான். மொத்தமும் கீழே: "அக்கா, நலம். சாப்பாடு நலம். மாமா நலம். நீ நலமா?" அவன் இப்படி எழுதினால் ஏதோ நடந்திருக்கிறது என்று அர்த்தம். பள்ளிக்கூடத்தில் எவனோ இவன் பையைக் கிணற்றில் போட்ட அன்றும் வீட்டுக்கு வந்து "எல்லாம் நலம்" என்றுதான் சொன்னான்.

கண்ணாடிக் கடையில் வேலை குறைந்து சும்மா உட்கார்ந்திருந்தவனை, "கூட்டிட்டுப் போங்க, நாலு பேரோட பழகட்டும்" என்று உங்களோடு அனுப்பியவள் நான். அவனுக்கு முப்பது வயது ஆகிறது, குழந்தை இல்லை. ஆனாலும் கூச்சல் போட்டால் அவனுக்குக் கையும் காலும் இடம் மாறிவிடும். அது உங்களுக்கும் தெரியும். வாத்தியாரிடம் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள்.

தலைவரின் மனைவி


பிப்ரவரி 19

அன்பானவளுக்கு,

உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது, இந்த வாரம் சரியில்லை. உன் தம்பி ஒரு தப்பு செய்தால் வாத்தியார் அவனை ஒன்றும் செய்வதில்லை. அவனை நாற்காலி போட்டு உட்கார வைத்துவிட்டு எங்கள் எல்லாரையும் சரளையில் தவழ விடுகிறார். ரொட்டிக் கடைக்காரனுக்கு முழங்கை முழுதும் தோல் உரிந்துவிட்டது. பசங்க கடுப்பில் இருக்கிறார்கள். அவனோடு யாரும் பேசுவதில்லை. நான் தலைவன் என்பதால் எல்லாரும் என்னைத்தான் பார்க்கிறார்கள்.

கோபித்துக்கொள்ளாதே, அவனும் கொஞ்சம் முயற்சி செய்யலாம். இடது எது வலது எது என்பது பெரிய கணக்கா? நேற்று தனியே கூட்டிப் போய்க் காட்டிக் கொடுத்தேன். எனக்கு முன்னால் சரியாகவே செய்கிறான். மைதானத்துக்கு வந்ததும் பழைய குருடி.

வாத்தியாரிடம் சொல்லச் சொன்னாய். சொல்லலாம் என்றுதான் போனேன். அதற்குள் டைரக்டர் கூப்பிட்டுவிட்டார். என் வேஷம் பெரிதாகியிருக்கிறது. கடைசி வரைக்கும் நான் வருகிறேனாம். வேறு சிலதும் பேசினார். அதெல்லாம் தொழில் விஷயம், கடிதத்தில் எழுத முடியாது.

தம்பியிடம் நீயும் ஒரு வார்த்தை எழுது. மனசை ஒருநிலைப்படுத்தச் சொல்.

உன்,
நான்தான்


பிப்ரவரி 27

உங்களுக்கு,

தம்பி நேற்று மத்தியானம் வந்துவிட்டான். கம்பெனி வண்டியில் கொண்டுவந்து தெருமுனையில் இறக்கிவிட்டார்கள். வலது காதில் பஞ்சு, கழுத்து வரைக்கும் கட்டு. டிரைவர் பெட்டியை மட்டும் கொடுத்துவிட்டுக் கிளம்பிப் போய்விட்டார்.

என்னடா என்றேன். "குளிக்கிற இடத்துல வழுக்கிட்டேன்க்கா" என்றான். வழுக்கி விழுந்தவனுக்கு முதுகில் எப்படி வரிவரியாகத் தடிப்பு இருக்கும்? சட்டையை மாற்றும்போது பார்த்துவிட்டேன். கேட்டதற்குச் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டான். டாக்டர் காதைப் பார்த்துவிட்டுச் சவ்வு கிழிந்திருக்கிறது என்கிறார். ஆறினாலும் முன்பு போலக் கேட்குமா என்பதை இப்போது சொல்ல முடியாதாம்.

உங்களிடமிருந்து ஒரு வரி கூட வரவில்லையே. ஏன்? அவன் விழுந்தபோது நீங்கள் எங்கே இருந்தீர்கள்?

உடனே எழுதுங்கள்.


மார்ச் 3

அன்பானவளுக்கு,

உன் கடிதம் பார்த்து மனசு கேட்கவில்லை. நான் எழுதுவதற்குள் அவனை அனுப்பிவிட்டார்கள். குளியல் கொட்டகையில் பாசி. பசங்க விளையாட்டாகத் தண்ணீர் இறைத்து, துண்டால் அடித்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். அதில் வழுக்கியிருக்கிறான். நான் அப்போது வெளியே இருந்தேன். தெரிந்ததும் டாக்டரிடம் கூட்டிப் போகச் சொன்னதே நான்தான்.

எல்லாரும் வருத்தப்படுகிறார்கள். அவன் வேஷம் அவனுக்குத்தான், உடம்பு தேறியதும் வரட்டும் என்கிறார் டைரக்டர்.

நாளை படப்பிடிப்பு தொடங்குகிறது. போனைத் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். பேசுகிறேன்.

உன்,
நான்


மார்ச் 8

போன் செய்யாதீர்கள். எத்தனை தடவை அடித்தாலும் எடுக்க மாட்டேன். உங்கள் குரலைக் கேட்டால் நம்பிவிடுவேன். அதற்காகத்தானே உங்களுக்கு வேஷம் கொடுக்கிறார்கள். எதுவானாலும் எழுதுங்கள். எழுத்தில் உங்களுக்கு நடிக்கத் தெரியாது. "நான் அப்போது வெளியே இருந்தேன்" என்று எழுதிய இடத்தில் பேனா அழுந்திக் காகிதம் கிழிந்திருக்கிறது.

ரொட்டிக் கடைக்காரர் வீட்டுக்கு வந்தார். படம் வேண்டாம் என்று பாதியில் விட்டுவிட்டு வந்துவிட்டாராம். ஒரு பை நிறையப் பழம். உள்ளே வரச் சொன்னால் செருப்பைக் கழற்றிவிட்டு அங்கேயே நிற்கிறார். தம்பியைப் பார்த்ததும், "நானும் அடிச்சேங்க. எத்தனை அடின்னு தெரியல. என் கைதான்" என்று தன் கையைத் தானே பார்த்துக்கொண்டு அழுதார். நாற்பது வயது ஆள். தம்பி எழுந்து அவருக்குத் தண்ணீர் கொடுத்தான்.

உங்களைப் பற்றி அவர் தானாகச் சொல்லவில்லை. நான்தான் கேட்டேன். "அவரு எங்கே இருந்தாரு?"

"வெளியே யாரும் வராம பாத்துக்கிட்டாரு. வாசல்ல."

வெளியே இருந்தீர்கள். பொய் இல்லைதான்.


மார்ச் 15

உனக்கு,

இதை மூன்று நாளாக எழுதிக் கிழித்துக்கொண்டிருக்கிறேன். இனி கிழிக்க மாட்டேன். நடந்தபடியே எழுதுகிறேன்.

அன்று டைரக்டர் கூப்பிட்டார் என்று எழுதினேனே, அவர் சொன்னது இதுதான். "உங்க மச்சானை நான் எதுக்கு எடுத்தேன் தெரியுமா? அவனால இந்தப் பயிற்சியைத் தாங்க முடியாது. அவனால மத்தவங்க கஷ்டப்படணும், அவன்மேல நெஜமாவே வெறுப்பு வரணும். அப்பதான் திரையில அந்தக் கண்ணு கிடைக்கும். வாத்தியார்கிட்ட சொல்லியாச்சு. நீங்க தலைவர். நடுவுல புகுந்து கெடுத்துடாதீங்க." அவனுக்குத் தெரியுமா என்று கேட்டேன். தெரிந்தால் நடிப்பாகிவிடும் என்றார். பிறகுதான் என் வேஷம் பெரிதாகியிருப்பதைச் சொன்னார். நான் "சரி சார்" என்றேன். யோசிக்கக் கூட இல்லை. வாய் தானாகச் சொல்லிவிட்டது.

அதற்குப் பிறகுதான் உனக்கு, 'அவனும் முயற்சி செய்யலாம்' என்று எழுதினேன். எல்லாம் தெரிந்துகொண்டே எழுதினேன்.

அவன் அடிபட்ட நாளன்று மத்தியானம் மறுபடியும் வலது காலை எடுத்தான். எங்களைத் தவழவிட்டார் வாத்தியார். எழுந்து நின்றபோது ஒருத்தன் வாயில் ரத்தம். "நான் கடைப்பக்கம் போயிட்டு வரேன். உங்களுக்குள்ள பேசித் தீத்துக்கங்க" என்று சொல்லிவிட்டு வாத்தியார் கிளம்பினார். போகும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. அவருக்கும் ஒரு மாதிரிதான் இருந்திருக்க வேண்டும். ஆனால் போய்விட்டார்.

பசங்க அவனைக் கொட்டகைக்கு இழுத்துக்கொண்டு போனார்கள். துண்டுகளை நனைத்து முடிச்சுப் போட்டுக்கொண்டார்கள். ஒருத்தன் என்னைப் பார்த்து, "தலைவரே, என்ன சொல்றீங்க?" என்றான். கேட்டானே, அதுதான் என்னைத் தின்கிறது. எல்லாரும் நின்றுவிட்டார்கள். என் வாயிலிருந்து ஒரு சொல் வந்திருந்தால் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போயிருப்பார்கள். நான் ஒன்றும் சொல்லவில்லை. நடந்து போய் வாசலில், வெளிப்பக்கம் பார்த்து நின்றுகொண்டேன். அதுவே அவர்களுக்குப் பதிலாகிவிட்டது.

முதலில் அவன் சிரித்தான். விளையாட்டு என்று நினைத்தான் போலிருக்கிறது. பிறகு தலையைத் தொட்டித் தண்ணீரில் அமுக்குவது கேட்டது. தலையைத் தூக்கியதும் கூப்பிட்டான். "தலைவரே! தலைவரே!" என்றான். அந்த நேரத்திலும் மாமா என்று கூப்பிடவில்லை. நான் சொல்லிக் கொடுத்ததை அந்த ஒரு விஷயத்தில் மறக்காமல் செய்தான்.

இன்னும் ஒன்று இருக்கிறது. இதை எழுதாமல் விட்டுவிடலாம், உனக்குத் தெரிய வழியே இல்லை. பயிற்சியைத் தினமும் படம் பிடிக்கும் ஆள் அன்று கொட்டகை மூலையில் காமிராவோடு நின்றிருந்தான். நான் திரும்பியபோது பார்த்தேன். என் முதுகு அதில் விழுகிறது என்று தெரிந்தது. தெரிந்ததும் தோளை நிமிர்த்தினேன்.

உன் தம்பி உள்ளே அடிபட்டுக்கொண்டிருக்கும்போது நான் தோளை நிமிர்த்தினேன்.

மன்னிப்புக் கேட்க எனக்கு வாயில்லை. வீட்டுக்கு வரலாமா என்று மட்டும் கேட்கிறேன்.


மார்ச் 22

உங்களுக்கு,

வர வேண்டாம்.

உங்கள் கடிதத்தை அவனுக்குப் படித்துக் காட்டினேன். இடது காதுப் பக்கம் உட்கார்ந்து சத்தமாகப் படித்தேன். தோளை நிமிர்த்திய இடத்தை மட்டும் விட்டுவிட்டேன். அவனுக்காக விட்டேனா உங்களுக்காகவா என்று தெரியவில்லை. அதற்காக என்மேலேயே எனக்குக் கோபம்.

அவன் கேட்டு முடித்துவிட்டு எழுந்தான். சாப்பிட்டான், தட்டைக் கழுவி வைத்தான்.

கண்ணாடிக் கடையில் மறுபடி கூப்பிட்டார்கள். போனான். கண்ணாடியின் ஓரத்தைச் சக்கரத்தில் தீட்டும்போது சத்தத்தை வைத்துத்தான் எங்கே நிறுத்துவது என்று அவனுக்குத் தெரியுமாம். இப்போது ஒரு பக்கத்துச் சத்தம் வருவதில்லை. முதல் நாளே ஒன்றை அதிகமாகத் தீட்டி உடைத்துவிட்டான். பழகிக்கொள்வேன் என்கிறான்.

எனக்கும் வெட்கமாக இருக்கிறது. 'பார்த்துக்கொள்கிறேன்' என்று நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு நான் நிம்மதியாகத் தூங்கினேன். அவனை அனுப்பியது நான். "எல்லாம் நலம்" என்று அவன் எழுதியபோதே வண்டி ஏறி வந்திருக்க வேண்டியவள் நான். கடையில் வேலை இருக்கிறது என்று உட்கார்ந்துவிட்டேன்.

உங்கள் துணிமணியைப் பெட்டியில் கட்டி அனுப்பியிருக்கிறேன். சட்டைகளைத் தேய்த்துத்தான் வைத்தேன். கைப்பழக்கம், வேறு அர்த்தம் எடுத்துக்கொள்ள வேண்டாம்.


ஆகஸ்ட் 2

உனக்கு,

எழுதக் கூடாது என்றுதான் இருந்தேன். ஆனால் இதை வேறு யாரிடமும் சொல்ல முடியாது.

படத்தை முடித்துக் கொடுத்துவிட்டேன். பாதியில் விட்டு வர ரொட்டிக் கடைக்காரனுக்கு இருந்த தைரியம் எனக்கு வரவில்லை. இப்போது ஸ்டூடியோ பக்கத்தில் ஓர் அறை எடுத்திருக்கிறேன். மேலே தண்ணீர்த் தொட்டி, கீழே ஒரு தையல் கடை.

போன வாரம் குரல் பதிவு. இருட்டறை, எதிரே திரை, காதில் கருவி. ஒவ்வொரு காட்சியாகப் போட்டார்கள். திடீரென்று அந்தக் கொட்டகை வந்தது. அன்று எடுத்ததை அப்படியே படத்தில் சேர்த்திருக்கிறார்கள். எதை எடுத்தாலும் சம்மதம் என்று முதல் நாளே எல்லாரும் கையெழுத்துப் போட்டிருக்கிறோமே. வாசல் வெளிச்சத்தில் என் முதுகு கறுப்பாகத் தெரிகிறது. நிமிர்ந்த தோள்.

டைரக்டர் உள்ளே வந்தார். "இந்த இடத்துல ஜனங்க உங்களை வெறுத்துடுவாங்க. அப்புறம் கடைசி வரைக்கும் உங்களை எப்படிப் பாப்பாங்க? உதடு தெரியல, முதுகுதானே. 'போதும், விடுங்கடா!'ன்னு ஒரு குரல் குடுங்க. அவன் ரெண்டாவது தடவை கூப்பிட்டதும் சொல்லணும்" என்றார்.

ஒத்திகை பார்க்கச் சொன்னார்கள். ஒரு தடவை சொன்னேன். நன்றாக வந்தது. அடிவயிற்றிலிருந்து, நடுக்கத்தோடு, சரியான இடத்தில். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சவுண்ட் என்ஜினீயர் கட்டை விரலைத் தூக்கிக் காட்டினார். எவ்வளவு சுலபமாக வந்தது தெரியுமா? அன்றும் இவ்வளவு சுலபமாகத்தான் இருந்திருக்கும்.

கருவியைக் கழற்றி வைத்துவிட்டேன். "சார், நான் அன்னிக்கு இதைச் சொல்லல" என்றேன். "தெரியுமே, அதனாலதான் இப்ப சொல்லச் சொல்றேன்" என்றார். முடியாது என்றேன். கத்தவில்லை அவர். "சரி, உங்க குரல் மாதிரியே பேசுற ஆள் இருக்கான்" என்றார். மறுநாளே யாரோ வந்து அந்த வசனத்தைச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். என் ஒத்திகையைப் போட்டுக்காட்டிப் பழக்கினார்களாம்.

நான் மறுத்தேன் என்று உன்னிடம் சொல்லிக்கொள்ளத்தான் இதை எழுதுகிறேனோ என்று பாதியிலேயே தோன்றியது. அப்படியும் இருக்கலாம். ஆனாலும் அனுப்புகிறேன்.


நவம்பர் 19

உங்களுக்கு,

படம் வந்துவிட்டது. நான் பார்க்கவில்லை, பார்க்கவும் மாட்டேன். கடைக்கு வருகிறவர்கள் சொல்கிறார்கள். "உங்க வீட்டுக்காரர் அந்தக் குளியல் சீன்ல தடுக்குறாரு பாருங்க, கண்ணுல தண்ணி வந்துடுச்சு" என்று ஒரு அம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டார். நான் அவருடைய புடவையை மடித்துக் கொடுத்தேன். முதலாளியம்மா என் முகத்தைப் பார்த்துவிட்டு அடுத்த துணியை அவரே எடுத்துக்கொண்டார்.

தம்பி என்னிடம் சொல்லாமல் போய்ப் பார்த்திருக்கிறான். நேற்று சாயங்காலம் வேலையிலிருந்து நேராகப் போயிருக்கிறான். வந்து கை கால் கழுவிக்கொண்டு எதிரே உட்கார்ந்தான். உங்கள் ஆகஸ்ட் கடிதத்தை நான் அவனிடம் காட்டவில்லை. எதற்குப் புண்ணைக் கிளற வேண்டும் என்று பெட்டியில் வைத்துவிட்டேன்.

"அக்கா, மாமா அதுல 'போதும், விடுங்கடா'ன்னு சொல்றாரு" என்றான்.

நான் அவனுக்குத் தண்ணீர் எடுத்து வைத்தேன்.

"அடி வாங்குன அப்புறம் எனக்குக் காதுல ஒரே இரைச்சல். ஒண்ணும் கேக்கல. அவரு அப்ப சொல்லியிருப்பாரோ? எனக்குத்தான் கேக்கலையோ?" வலது காதைத் தடவிக்கொண்டான். "இத்தன நாளா அவரு மேல வீணா கோவப்பட்டுட்டேனாக்கா?"

அன்றைக்கு நீங்கள் எழுதியதைப் படித்துக் காட்டியது நானே. அது அவனுக்கு மறக்கவில்லை. ஆனால் அந்தத் திரையும் அந்தக் குரலும் அவனைக் குழப்பிவிட்டன. உங்களை நம்ப அவனுக்கு ஆசை. அப்படித்தான் நான் வளர்த்திருக்கிறேன்.

ஆமாண்டா, சொன்னார் என்று ஒரு பொய் சொல்லியிருந்தால் நேற்று இரவு அவன் நன்றாகத் தூங்கியிருப்பான். நாக்கு நுனி வரை வந்தது. சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. "அதை அவருதாண்டா சொல்லணும்" என்றேன்.

போனில் வேண்டாம். கடிதத்திலும் வேண்டாம்.


நவம்பர் 22

உனக்கு,

நான் சொல்லவில்லை. அது என் குரலும் இல்லை. பசங்க என்னைக் கேட்ட நேரத்தில் அவன் காதில் எந்தக் குறையும் இல்லை, நான் வாயைத் திறந்திருந்தால் கேட்டிருக்கும். அவனுடைய கோபத்தில் ஒரு துளி கூட வீணில்லை.

இதை அவனிடம் நீ படித்துக் காட்ட வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை காலை வண்டியில் வருகிறேன். தங்குவதற்கு வரவில்லை, பெட்டி எதுவும் கொண்டு வர மாட்டேன். அவனுக்குக் கேட்கிற பக்கமாக உட்கார்ந்து சொல்லிவிட்டு எழுந்துகொள்கிறேன். தோளை நிமிர்த்தியதையும் சொல்கிறேன். அதற்குப் பிறகு அவன் என்ன சொன்னாலும், என்ன செய்தாலும், நீ நடுவில் வராதே.